எக்கி வருவான்

எங்கள் வீட்டில் நவம்பர் மாதத்துக்கென்று ஒரு வேலை இருந்தது. கார் காப்பீட்டு நிறுவனத்தை மாற்ற விரும்புகிறவர்களின் விலகல் கடிதம் அம்மாதம் முப்பதாம் தேதிக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். தவறினால் இன்னும் ஓர் ஆண்டு பழைய இடத்திலேயே இருக்க வேண்டியதுதான். ஆகவே நவம்பரின் முதல் ஞாயிற்றுக்கிழமை, மதிய உணவு முடிந்து மேசை துடைக்கப்பட்டதும், என் மனைவி ரோஸ்வித்தா கட்டம் போட்ட தாள் ஒன்றை விரிப்பாள். இடப்பக்கத்தில் நிறுவனங்களின் பெயர்களை எழுதுவாள். மேலே தலைப்புகள் வரும்: கட்டணம், கண்ணாடி, ஆலங்கட்டி மழை, மான் மோதல், மரநாய். வண்டியின் அடியில் புகுந்து கம்பிகளைக் கடித்துப் போடும் மரநாய்க்கு எங்கள் மலைப்பகுதியில் குறைவில்லை. கடைசித் தலைப்பு மட்டும் அவளுடைய சொந்தக் கண்டுபிடிப்பு: "யார் வருவார்?"

அந்தக் கடைசிக் கட்டத்தில் மற்ற நிறுவனங்களுக்கு நேரே சிறு கோடு ஒன்றை இழுத்துவிடுவாள். எங்கள் நிறுவனத்துக்கு நேரே, "எக்கி வருவான்" என்று எழுதுவாள். பிறகு தாளை மடித்து இழுப்பறையில் வைத்துவிட்டுக் காப்பி போடப் போவாள். மற்ற கட்டங்களில் நாங்கள் தோற்ற ஆண்டுகளும் உண்டு. ஆயினும் பத்தொன்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட நிறுவனத்தை மாற்றவில்லை.

எக்கேஹார்ட் தோனெஸ் எங்கள் ஊரான ஹிங்கெர்ஷைடின் காப்பீட்டு முகவர்; தீயணைப்புத் தொண்டர் படையின் துணைத் தலைவரும் அவரே. ஊரில் அவரை எக்கி என்பதன்றி வேறு பெயரால் அழைப்பவர் இல்லை. ஆலங்கட்டி மழை பெய்த ஆண்டில், முற்றத்துப் பனிக்கட்டிகள் உருகும் முன்பே கையில் சாக்குக்கட்டியுடன் வந்து, காரின் கூரையில் ஒவ்வொரு பள்ளத்தையும் வட்டமிட்டார். மரநாய் கம்பியைக் கடித்தபோது மண்ணில் மல்லாந்து படுத்து அடியில் பார்த்துவிட்டு, "ரோஸ்வித்தா, உன் சமையல் வாசனைக்குத்தான் வந்திருக்கு. கதவு பூட்டியிருந்ததால கிடைச்சதத் தின்னுட்டுப் போயிருக்கு" என்றார். அவள் கரண்டியால் அவரது காலணியைத் தட்டினாள். நவம்பர் இறுதியில் அடுத்த ஆண்டின் நாட்காட்டியை ரப்பர் வளையம் போட்டுச் சுருட்டிக்கொண்டு அவரே நேரில் வருவார். எங்கள் மேசையில் ஒரு சிறு கோப்பை பிளம் சாராயம் குடிப்பார். அவர் குடித்து முடிப்பதற்குள் ரோஸ்வித்தா புதிய நாட்காட்டியில் எல்லாருடைய பிறந்த நாட்களையும் குறித்துவிடுவாள்.

என்னைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். முப்பத்தோர் ஆண்டுகள் கருங்கல் குவாரியின் எடைமேடையில் பணிபுரிந்தேன். லாரி மேடையில் ஏறும், முள் நிற்கும், நான் எண்ணை எழுதிக் கையொப்பமிடுவேன். எழுதப்பட்டது எதுவும் வீணாகப் போவதில்லை என்பதை என் தொழில் எனக்குக் கற்பித்திருந்தது. பேசப்பட்டதும் அவ்வாறே என்பதை எனக்கு யாரும் கற்பிக்கவில்லை.

அக்டோபர் பதினேழாம் தேதி, புதன்கிழமை, மாலை ஏழு மணிக்குத் தேவாலயப் பாடகர் குழுவின் ஒத்திகை முடிந்தது. ரோஸ்வித்தா மிதிவண்டியில் வீட்டுக்குக் கிளம்பினாள். தேவாலயத்திலிருந்து எங்கள் தெருவுக்கு ஏற்றம். நடுவில் லிண்டன் மரங்கள் நிற்கும் வளைவு ஒன்று உண்டு. அந்த வளைவில், ரொட்டிக்கடை அன்னெலோரே கெட்டலின் விற்பனை வண்டி அவள்மீது மோதியது. பக்கத்து நகரமான கெல்பாக்கின் மருத்துவமனைக்குக் கொண்டு போகும் வழியில் அவள் இறந்துவிட்டாள். அன்னெலோரே எங்களுக்கு அந்நியர் அல்லர். செவ்வாயும் வெள்ளியும் எங்கள் தெருமுனையில் ஆரன் அடித்து ரொட்டி விற்பவர். அவருடைய வண்டிக்கும் எக்கியே முகவர்.

விளக்கு எரிந்ததா என்று காவலர்கள் முதலில் கேட்டது அன்னெலோரேயிடம். அவர் எதையும் பார்க்கவில்லை என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாராம். மிதிவண்டியின் முன்விளக்கு நொறுங்கியிருந்தது; டைனமோ வளைந்து சக்கரத்தைவிட்டு விலகியிருந்தது. மோதலால் விலகியதா, முன்பே விலகியிருந்ததா என்று தீர்மானிக்க இயலவில்லை எனக் காவலர்கள் எழுதி முடித்தார்கள்.

மூன்றாம் நாள், சனிக்கிழமை மாலை, எக்கி வந்தார். அவர் மனைவி கொடுத்தனுப்பிய பருப்பு சூப்பு ஒரு பானையில் இருந்தது. அதை அடுப்பில் வைத்து, தாமே கிளறிச் சூடாக்கி, என் முன் வைத்தார். நான் உண்ணும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தார். அன்று அவர் பையைத் திறக்கவில்லை, பேனாவை எடுக்கவில்லை, தாள் எதையும் மேசைமேல் வைக்கவில்லை. மூன்று நாட்களாகப் பேசாதிருந்த நான் அவரிடம் பேசினேன். அவள் ஒத்திகைக்குக் கிளம்பும்போது கழுத்துத் துண்டை மறந்துவிட்டுத் திரும்பி வந்ததைச் சொன்னேன். வாசலில் நான் கோபித்துக்கொண்டதைச் சொன்னேன். பிறகு, கணவர்கள் சொல்லும் ஒன்றைச் சொன்னேன்.

"நூறு தடவை சொல்லியிருப்பேன் எக்கி, வெளக்கப் போடு, வெளக்கப் போடுன்னு. டைனமோ உரசினா ஏத்தத்துல மிதிக்க கனமா இருக்குன்னு போடவே மாட்டா."

எக்கி என் தோளில் கை வைத்தார். "அதையெல்லாம் இப்ப நினைக்காத" என்றார். சிறிது நேரம் கழித்து விடைபெற்றார்.

சமையலறைச் சன்னலிலிருந்து பார்த்தேன். அவருடைய கார் வேலி ஓரமாக நின்றது. உள்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் தலையைக் குனிந்து அசையாமல் உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடங்களுக்குக் குறையாது. ரோஸ்வித்தாவுக்காக ஒருவன் என் வேலிக்கு வெளியே அழுதுகொண்டிருக்கிறான் என்று எண்ணினேன். எனக்கு அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. அவர் கிளம்பிப் போனதும் மிச்சச் சூப்பையும் குடித்துவிட்டுப் படுத்தேன்.

நவம்பர் ஏழாம் தேதி நிறுவனத்தின் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. முதல் பத்தி இரங்கல். இரண்டாம் பத்தி விபத்தின் விவரம். மூன்றாம் பத்தியில் இவ்வாறு அச்சிட்டிருந்தது: "இறந்தவர் விளக்கின்றி மிதிவண்டி ஓட்டும் வழக்கமுடையவர் என்பது அவருடைய கணவரே எமது முகவரிடம் கூறியதிலிருந்து தெரியவருகிறது. ஆகவே, விபத்துக்கான பொறுப்பில் மூன்றில் ஒரு பங்கு இறந்தவரையே சாரும்."

கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். அதில் பொய் என்று சுட்டிக்காட்டத்தக்க சொல் ஒன்றும் இல்லை. நான் கூறினேன், முகவரிடம் கூறினேன், கணவன் நான்தான். ஆனால் நான் அவளைக் குறைகூறியது அவள் உயிரோடிருந்தபோது கூறிய அதே பழக்கத்தினால். அவள் மறுமொழி சொல்வாள் என்ற பழைய நம்பிக்கையினால். இப்போது அந்த ஒரு வாக்கியம் மறுமொழியின்றி நின்றுவிட்டது. இழப்பீட்டில் அவர்கள் எதைக் குறைத்தாலும் எனக்குக் கவலையில்லை. மூன்றில் ஒரு பங்கு அவளுடைய குற்றம் என்று அச்சில் ஏறியதையும், அதை ஏற்றிவைத்தது என் வாய் என்பதையும் மட்டுமே என்னால் தாங்க இயலவில்லை.

ரோஸ்வித்தாவின் தங்கை ஹில்ட்ரூட், கெல்பாக்கில் முடிதிருத்தும் கடை நடத்துபவள். ஞாயிற்றுக்கிழமை வந்தபோது கடிதத்தை வாசித்தாள். அவளுக்கு அழத் தெரியாது, பேசத் தெரியும்.

"'எக்கி வருவான், எக்கி வருவான்'னு வருஷா வருஷம் எழுதினாளே அக்கா. வந்துட்டான் பாத்தியா? பானையோட வந்துட்டான்."

எக்கி கெட்ட எண்ணத்துடன் வரவில்லை என்று நான் சொன்னேன்.

"கெட்ட எண்ணத்தோட வந்திருந்தா நீ வாயத் தொறந்திருக்க மாட்டியே. அதான் கெட்டது" என்றாள். பிறகு இழுப்பறையைத் திறந்து, ஆண்டுவாரியாக மடித்து வைத்திருந்த தாள்களை எடுத்தாள். மிகவும் மேலே இருந்தது சென்ற ஆண்டுடையது. இவ்வாண்டுக்குரிய தாள் இல்லை. ஆனால் சுவரிலிருந்த நாட்காட்டியில், நவம்பர் நான்காம் தேதிக் கட்டத்தில், ரோஸ்வித்தாவின் கையெழுத்தில் "வண்டித் தாள்" என்று எழுதியிருந்தது. சென்ற ஆண்டு எக்கி சாராயம் குடித்துக்கொண்டிருந்தபோது எழுதியது. அந்த ஞாயிறு கடந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

"இந்த வருஷம் நீ எழுது. மாத்திடு" என்றாள் ஹில்ட்ரூட். "என் கடைக்குப் பக்கத்துல லேனெர்ட்ஸ்னு ஒரு பொண்ணு வேற கம்பெனி வெச்சிருக்கா. தங்கமானவ. கஸ்டமர் வீட்டுப் பூனை செத்தாக்கூட பூங்கொத்தோட போவாளாம்."

அடுத்த செவ்வாயன்று தெருமுனையில் ஆரன் ஒலித்தது. அக்டோபருக்குப் பின் அதுவே முதல் முறை. நான் வாசல்வரை போனேன். அதற்கு மேல் கால் செல்லவில்லை. அன்னெலோரே வண்டிக்குள் நின்று யாருக்கோ ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தார். மிகவும் மெலிந்திருந்தார். அடக்கத்தன்று அவர் கல்லறைத் தோட்டத்துக்குள் வராமல் மதிலுக்கு வெளியே நின்றதை நான் கண்டிருந்தேன். அதன்பின் மூன்று வாரங்கள் அவர் வீட்டைவிட்டு வெளியேறவில்லை என்று ஊரில் கூறினார்கள். "எக்கிதான் தெனமும் போய்ப் பேசிப் பேசி அவளத் தேத்தினான், அவன மாதிரி ஏஜெண்ட் கெடைக்கமாட்டான்" என்றும் கூறினார்கள். எதைச் சொல்லித் தேற்றியிருப்பார் என்று எனக்குத் தெரிந்தது. முழுக் குற்றமும் உன்னுடையது அன்று, மூன்றில் ஒரு பங்கு அவளுடையது என்று சொல்லியிருப்பார். என் வாக்கியம்தான் அன்னெலோரேயை மறுபடி அந்த இருக்கையில் உட்காரவைத்தது. அன்னெலோரே மீது எனக்குப் பகையில்லை. அந்த வளைவில், அந்த மங்கல் வெளிச்சத்தில், நானும் மோதியிருக்கக்கூடும். ஆயினும் அந்த ஆரன் ஒலித்தபோதெல்லாம் வானொலியின் சத்தத்தைக் கூட்டிவைத்தேன்.

பதினைந்தாம் தேதி கெல்பாக்குக்குப் போனேன். திருமதி லேனெர்ட்ஸின் அலுவலகம் கண்ணாடிச் சுவர்களால் ஆனது. சன்னலோரம் ஆர்க்கிட் தொட்டிகள் இருந்தன. வயது முப்பத்தைந்து இருக்கலாம். தாமே காப்பி கொண்டுவந்து தந்தார். ஹில்ட்ரூட் சொன்னதில் மிகையில்லை, பரிவுள்ளவர். கட்டணம் எங்களுடையதைவிடச் சற்றுக் குறைவு. கண்ணாடி, ஆலங்கட்டி, மரநாய் எல்லாம் உண்டு. ரோஸ்வித்தாவின் தாளில் அவர் எல்லாக் கட்டங்களிலும் வென்றிருப்பார்.

"எதுவா இருந்தாலும் ஒரு ஃபோன் பண்ணுங்க, போதும். நானே வந்துடுவேன்" என்றார்.

அவர் என் கறுப்புக் கழுத்துப்பட்டையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "ஹில்ட்ரூட் சொன்னாங்க. எப்படி நடந்துச்சு?" என்று கேட்டார்.

அப்போது நான் அவருடைய கைகளைக் கவனித்தேன். இரண்டும் மேசைமேல் வெறுமையாக இருந்தன. பேனா, காப்பித் தட்டுக்கு அப்பால் கிடந்தது. எக்கியின் கைகளும் இவ்வாறே வெறுமையாக இருந்தன. அவர் கேட்டது மனிதத்தன்மையினால்தான். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் "வண்டியப் பத்தி மட்டும் பேசலாம்" என்றேன். அவர் முகம் சிவந்தது, மன்னிப்புக் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். வெளியே காரில் ஏறியதும் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் அவர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். கோப்பைகளின் கணக்காகக்கூட இருக்கலாம். எனினும் அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை.

இருபத்தேழாம் தேதி பிற்பகல் எக்கி வந்தார். கையில் சுருட்டிய நாட்காட்டி இருந்தது. ஏழாம் தேதிக் கடிதத்துக்குப் பின் அவர் வருவது அதுவே முதல் முறை. வருவாரா என்று ஐயுற்றிருந்தேன். வாசலில் நின்று காலணியை நெடுநேரம் துடைத்தார். அவருக்கு எதிரே அமர்ந்தேன். பிளம் சாராயப் புட்டி அலமாரியில் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. அவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அவரே தொடங்கினார். கடிதத்தின் நடை தம்முடையது அன்று, தலைமை அலுவலகத்தாருடையது என்றார். தாம் எழுதியனுப்பியது மிகச் சுருக்கமானது என்றார். அதில் என்ன எழுதினார் என்று கேட்டேன். நான் சொன்னதை மட்டும்தான் என்றார்.

"நீ பேனாவே எடுக்கலையே எக்கி."

"வண்டியில உக்காந்து எழுதினேன்."

சன்னலைப் பார்த்தேன். வேலி ஓரத்தில் அவருடைய கார் அதே இடத்தில் நின்றிருந்தது.

"வெளக்கு எரிஞ்சுது. தலையக் குனிஞ்சிருந்த. நான் இங்கருந்து பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றேன். "நீ அழறேன்னு நெனச்சேன்."

அவர் நாட்காட்டியின் ரப்பர் வளையத்தை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "ரெண்டும்தான்" என்றார்.

நான் அதை நம்பினேன். இன்றும் நம்புகிறேன். அதனால்தான் என் துயரம் கோபமாக மாற வழியின்றிப் போயிற்று.

அந்த வாக்கியத்தைத் திருப்பித் தரும்படி கேட்டேன். ஒரு கணவன் புலம்பியதேயன்றி அது வாக்குமூலம் அன்று என்று நிறுவனத்துக்கு எழுதச் சொன்னேன். அவர் தலையசைத்து மறுத்தார். தாம் கேட்டதைக் கேட்கவில்லை என்று எழுதினால் அது பொய்யாகும் என்றார். அன்னெலோரே அடுப்பைப் பற்றவைக்காமல் இருளில் உட்கார்ந்திருந்த நாட்களைப் பற்றிச் சொன்னார். அவளும் தம்மிடம் காப்பீடு செய்தவள். அவள் வீட்டுக்கும் தாம் போக வேண்டியவர். தெரிந்த ஒன்றை அவளிடமிருந்து மறைக்கத் தமக்கு மனம் வரவில்லை என்றார்.

"நீயும் முப்பது வருஷம் முள்ளு காட்டினதத்தானே எழுதின, கெர்வின்? ஒருத்தனுக்காக மாத்தி எழுதுவியா?"

"மாத்தி எழுத மாட்டேன். ஆனா லாரி மேடையில ஏறினப்புறம்தான் எழுதுவேன். 'இந்த லாரி எப்பவும் இருபது டன் ஏத்தும்'னு யாராவது சொன்னாங்கன்னு சீட்டு கிழிச்சதில்ல. அவ எப்பவும் போடமாட்டான்னுதான் நான் சொன்னேன். அன்னைக்குப் போட்டாளா இல்லையான்னு யாரு நிறுத்துப் பாத்தது?"

முந்தின நாளே எழுதி வைத்திருந்த இரண்டு கடிதங்களை நகல்களுடன் மேசைமேல் வைத்தேன். முதலாவது மூன்று வரிகள் கொண்டது: "என் மனைவி அன்று மாலை விளக்கைப் போட்டிருந்தாளா என்பது எனக்குத் தெரியாது. நான் அவ்விடத்தில் இல்லை. முன்பு கூறியது அன்றைய தினத்தைப் பற்றியதன்று." இரண்டாவது, விலகல் கடிதம்.

இரண்டையும் அவர் வாசித்தார். இரண்டாவதை வாசித்தபோது அவர் காதுகள் சிவந்தன. பத்தொன்பது ஆண்டுகளில் அவர் கையில் நான் அத்தகைய தாளைத் தந்ததில்லை. நான் உறையையும் தபால்தலையையும் எடுத்து வைத்திருந்தேன். அவர் தபால்தலையை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"தபால்ல போட்டா முப்பதாம் தேதிக்குள்ள சேராது. குடு. நான் இன்னைக்கே ஃபேக்ஸ் பண்ணிடுறேன்."

பிறகு பையைத் திறந்து முத்திரையை எடுத்தார். மைப்பெட்டியில் இருமுறை அழுத்தி, விலகல் கடிதத்தின் நகலில் "பெறப்பட்டது" என்று குத்தித் தேதியிட்டுக் கையொப்பமிட்டார். மற்றக் கடிதத்தின் நகலிலும் அவ்வாறே செய்தார். இரண்டு நகல்களையும் மேசை விளிம்புக்கு நேராக அடுக்கி என் முன் வைத்தார். என் பொருட்டு அவர் செய்த வேலைகளில் அதைக் காட்டிலும் ஒழுங்காகச் செய்த ஒன்று எனக்கு நினைவில்லை.

எழுந்தபோது நாட்காட்டியை எடுப்பதா விடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. எடுத்தார், மறுபடி வைத்தார். "இது சும்மாதான். கஸ்டமரா இல்லாதவங்களுக்கும் குடுக்கறதுதான்" என்றார். அது உண்மையன்று என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

சன்னலிலிருந்து பார்த்தேன். இம்முறை அவர் உள்விளக்கைப் போடவில்லை, உடனே கிளம்பிவிட்டார்.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி என் மூன்று வரிகளுக்கு மறுமொழி வந்தது. கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டது என்றும், பொறுப்பின் பங்கீட்டில் மாற்றமில்லை என்றும் எழுதியிருந்தார்கள். வழக்கறிஞரிடம் போகும்படி ஹில்ட்ரூட் சொன்னாள். வழக்கறிஞர் முதலில் என்ன கேட்பார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது: "உங்க மனைவி வழக்கமா வெளக்கு போடுவாங்களா?" அந்தக் கேள்விக்கு நான் இன்னொரு முறை மறுமொழி கூற வேண்டும்; பொய் கூறவும் எனக்கு வராது. ஆகவே போகவில்லை.

ஆண்டு முடிவதற்குள் காருக்கு ஏதேனும் ஒரு காப்பீடு வேண்டும். ரோஸ்வித்தாவின் சென்ற ஆண்டுத் தாளை எடுத்து விரித்தேன். அடியில் ஒரு நிறுவனம் இருந்தது. அதற்கு ஊரில் முகவர் கிடையாது, அலுவலகம் கிடையாது, ஒரு தொலைபேசி எண் மட்டுமே உண்டு. கடைசிக் கட்டத்தில் மற்றவற்றுக்குச் சிறு கோடு போட்டிருந்தவள், இதற்கு மட்டும் "ஒருத்தரும் வரமாட்டார்கள்" என்று எழுதி, அதன்கீழ் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தாள். நான் அந்த எண்ணைச் சுழற்றினேன்.

முதலில் ஓர் இயந்திரக் குரல் பேசியது. நான் சொல்லப்போகும் ஒவ்வொரு சொல்லும் பதிவு செய்யப்படும் என்றும், சம்மதமானால் "ஆம்" என்று கூறும்படியும் சொன்னது. இப்படி முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் பேசத் தொடங்கிய முதல் குரல் அதுதான். நான் "ஆம்" என்றேன்.

பிறகு ஓர் இளம்பெண் பேசினாள். வடக்கத்திய உச்சரிப்பு. பெயர், பிறந்த நாள், வண்டியின் எண், எத்தனை ஆண்டுகள் விபத்தின்றி ஓட்டினேன் என்பவற்றை வரிசையாகக் கேட்டாள். அவளுடைய கேள்விகளில் பரிவு இல்லை. அதனால் எனக்குச் சிரமமும் இல்லை.

"வண்டிய வேற யாராவது ஓட்டுவாங்களா ஹாசல் சார்? உங்க பழைய கம்பெனியிலருந்து வந்த விவரத்துல வாழ்க்கைத் துணைன்னு போட்டிருக்கு."

"இல்ல. நான் மட்டும்தான்."

"அப்ப அவங்க பேர எடுத்துடட்டுமா?"

எடுத்துவிடும்படி சொன்னேன். விசைகள் தட்டப்படும் ஓசை கேட்டது. ஒரு பெயரை நீக்க ஐந்தாறு தட்டல்கள் போதுமாயிருந்தன.

"இன்னும் பதிவாயிட்டுதான் இருக்கா?" என்று கேட்டேன்.

"ஆமா சார், முடியற வரைக்கும் பதிவாகும். ஏன் சார், வேண்டாமா?"

"வேணும். ஒண்ணு சொல்லணும்" என்றேன். முந்தைய நாட்களில் பலமுறை தனியே சொல்லிப் பார்த்ததுதான். "என் மனைவி பேரு ரோஸ்வித்தா ஹாசல். அக்டோபர் பதினேழாம் தேதி சாயங்காலம் ஏழு மணிக்கு அவ சைக்கிள்ல வந்துக்கிட்டிருந்தா. வெளக்கு போட்டிருந்தாளா இல்லையான்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. நான் அங்க இல்ல."

அவளுக்கு எதுவும் விளங்கியிருக்காது. எப்படி நடந்தது என்று அவள் கேட்கவில்லை. தான் வருவதாகவும் சொல்லவில்லை.

"பதிவாயிடுச்சு சார்" என்றாள். குரல் முன்பைவிடத் தாழ்ந்திருந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனாள். "வருஷத்துக்கு சுமாரா எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க?"

சுவரைப் பார்த்தேன். பழைய நாட்காட்டியில் டிசம்பர் மாதம் முழுவதும் அவளுடைய கையெழுத்து இருந்தது: ஹில்ட்ரூடைப் பல் மருத்துவரிடம் கூட்டிப் போதல், கெல்பாக்கில் ஒத்திகை, பத்தொன்பதாம் தேதி பொம்மைச் சந்தை. எல்லாவற்றுக்கும் கார் வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் ஓட்டியவன் நான். எக்கி விட்டுச் சென்ற நாட்காட்டி ரப்பர் வளையம் கழற்றப்படாமல் குளிர்பெட்டியின் மேல் கிடந்தது. கல்லறைத் தோட்டம் நடந்து போகும் தூரம்.

"கொறச்சலாத்தான்" என்றேன். "இருக்கறதுலயே கொறஞ்சதப் போட்டுக்கம்மா."